சூரியனைப் பானையில் அடைக்க முடியுமா?

தஞ்சைக் குடியானவருக்கு அது எப்போது கை கொடுக்கும்?

ஜூன் 12-ந் தேதி என்றால் தஞ்சாவூர்ச் சீமையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டூர் அணை திறக்கும் நாள் அது.

அன்று தண்ணீர் வந்தால் குறுவை உண்டு. பிந்தி வந்தால் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவருக்குத்தான் குறுவை. மற்றவர்கள் சம்பாவுக்குக் காத்திருக்க வேண்டும். இன்னும் பிந்தினால் சம்பாவே சந்தேகம்!

2016-ல் செப்டம்பர் 20-ந் தேதி திறந்தார்கள். 2017-ல் அக்டோபர் 2-ந் தேதி. 2023-ல் சரியாக ஜூன் 12-ல் திறந்தார்கள். ஆனால் அக்டோபர் 10-ந் தேதியே மூட வேண்டியதாயிற்று. அணையில் தண்ணீர் இல்லை!

பயிர் கருகிய பிறகு ஆற்றில் வெள்ளம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? தண்ணீரின் அளவைப் போலவே, அது வரும் தேதியும் முக்கியம். டெல்டாக் குடியானவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விஞ்ஞான உலகில் இப்போது ஒரு பெரிய பேச்சு அடிபடுகிறது. "பூமியில் ஒரு சூரியனை உண்டாக்கப் போகிறோம். அது வந்துவிட்டால் நிலக்கரி வேண்டாம். புகை இல்லை. பூமி சூடேறுவதும் நிற்கும்" என்கிறார்கள்.

அது நடக்குமா? நடந்தால், எந்தத் தேதியில்?

சூரியன் எப்படி எரிகிறது?

அடுப்பில் விறகு எரிவது போலச் சூரியன் எரியவில்லை. அங்கே விறகும் இல்லை, கரியும் இல்லை.

சூரியனின் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு. அங்கே உஷ்ணம் ஒன்றரைக் கோடி டிகிரி. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடு ஒன்று இணைந்து ஹீலியம் ஆகின்றன. இணையும்போது கொஞ்சம் எடை குறைகிறது. குறைந்த எடைதான் வெயிலாகவும் வெளிச்சமாகவும் வருகிறது.

இதற்கு அணு இணைவு என்று பெயர்.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது வேறு. அங்கே பெரிய அணுவைப் பிளக்கிறார்கள். அது அணுப் பிளவு. பிளந்த மிச்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நஞ்சாக இருக்கும். அணு இணைவில் அத்தனை நீண்ட கால நஞ்சு இல்லை. உலையின் சுவரில் கதிர்வீச்சு ஏறும். நூறு ஆண்டு அளவில் அது பெரிதும் தணிந்துவிடும் என்று கணக்கிடுகிறார்கள். கரியமில வாயுவும் கிளம்பாது. ஏதாவது கோளாறு ஏற்பட்டால் உலை வெடிக்காது, தானே அணைந்துவிடும்.

எரிபொருள்? கடல் தண்ணீரில் இருக்கிறது! பூம்புகார்க் கடலில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் எடுத்தால், அதில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் 33 கிராம் அளவுக்கு இருக்கும். கடல் வற்றும் வரை அதற்குப் பஞ்சம் இல்லை.

டியூட்டீரியம் மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். டிரிட்டியம் என்ற இன்னொரு வகை ஹைட்ரஜனும் வேண்டும். அது இயற்கையில் அநேகமாகக் கிடையாது. சில அணு உலைகளில் துணைப் பொருளாகக் கொஞ்சம் கிடைக்கிறது. இனி வரும் உலைகள் தங்களுக்கு வேண்டிய டிரிட்டியத்தை லித்தியத்திலிருந்து தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் உலை இன்னும் எங்கும் ஓடவில்லை.

வடை போல ஒரு யந்திரம்!

பூமியில் சூரியனின் அழுத்தம் கிடைக்காது. ஆகவே உஷ்ணத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு? 15 கோடி டிகிரி! சூரியனின் நடுவைப் போலப் பத்து மடங்கு.

அந்தச் சூட்டை எந்தப் பானையில் வைப்பது? இரும்பு உருகும், கல்லும் உருகும்.

இதற்கு ருஷ்ய விஞ்ஞானிகள் 1950-களில் ஒரு யுக்தி கண்டார்கள். நடுவில் ஓட்டை உள்ள மெதுவடையை எண்ணிப் பாருங்கள். அந்த உருவத்தில் ஒரு வெற்றுப் பாத்திரம். சுற்றிலும் பலமான காந்தங்கள். கொதிக்கும் வாயு சுவரில் படாமல், காந்த சக்தியின் பிடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த யந்திரத்துக்கு டோக்கமாக் என்று பெயர்.

நம் நாட்டிலும் டோக்கமாக் உண்டு. குஜராத்தில் காந்திநகருக்கு அருகே உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் 1989-ல் ஒன்றை இயக்கினார்கள். அதற்கு இட்ட பெயர் ஆதித்யா! பெயரிலேயே சூரியன்.

எல்லாவற்றிலும் பெரிய டோக்கமாக் பிரான்ஸ் நாட்டின் தெற்கில் எழும்பிக்கொண்டிருக்கிறது. பெயர் ஈட்டர். ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, ருஷ்யா, சீனா, ஜப்பான், தென் கொரியா, இந்தியா எல்லாம் கூட்டாளிகள். 2006-ல் ஒப்பந்தம் செய்தார்கள்.

அந்த யந்திரத்தை மூடும் பிரம்மாண்டமான எஃகுக் கூடு நம் நாட்டுப் பங்கு. குஜராத்தின் ஹசிராவில் துண்டு துண்டாகச் செய்து கப்பலில் அனுப்பினார்கள். எடை 3,850 டன். உயரம் ஏறக்குறைய 100 அடி. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தில் பாதியைத் தொடும் உயரம்! சண்டையும் பூசலுமாக இருக்கும் நாடுகள் இதில் மட்டும் ஒன்றாகக் கூடி வேலை செய்கின்றன என்பதே ஓர் அதிசயம்தான்.

ஒரு யூனிட் கூட இல்லை!

2022 டிசம்பர் 5-ந் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன.

அங்கே டோக்கமாக் இல்லை, வேறு முறை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைக்குள் எரிபொருளை வைத்தார்கள். 192 லேசர் கதிர்களை ஒரே நேரத்தில் பாய்ச்சினார்கள். உள்ளே போன சக்தி 2.05 மெகாஜூல். வெளியே வந்தது 3.15 மெகாஜூல். போட்டதைவிடக் கூடுதலாக எடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு இன்னும் கூடுதலாகவும் எடுத்திருக்கிறார்கள். (அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் முக்கிய வேலை மின்சாரம் அல்ல, அணுகுண்டு பற்றிய ஆராய்ச்சி என்பதையும் மறக்கக் கூடாது.)

மெகாஜூல் என்றால் நமக்குப் புரியாது. கரண்ட் பில்லில் வரும் யூனிட் கணக்கில் பார்த்தால் புரியும்.

3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவு! அந்த லேசர்களை இயக்க மின் கம்பியிலிருந்து எடுத்ததோ 80 யூனிட்டுக்கு மேல். 80 மரக்கால் விதைத்து ஒரு மரக்கால் அறுத்த கதை.

இங்கிலாந்தில் ஜெட் என்ற டோக்கமாக் இருந்தது. 2023 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதற்கு முன், அதே ஆண்டு அக்டோபரில், சுமார் 5 விநாடியில் 69 மெகாஜூல் எடுத்துச் சாதனை செய்தார்கள். அது 19 யூனிட். 5 குதிரைசக்தி பம்ப்செட் 4, 5 மணி நேரம் ஓடும் சக்தி. ஆனால் அதிலும் உள்ளே போட்டது அதிகம், வந்தது குறைவு.

இதைக் கேட்டுச் சிரித்துவிடக் கூடாது. அந்த 19 யூனிட்டுக்குச் செலவான எரிபொருள் எவ்வளவு தெரியுமா? 0.2 மில்லிகிராம். ஓர் அரிசி மணியை நூறு பங்கு போட்டால் ஒரு பங்கு! விஞ்ஞானிகள் எழுபது ஆண்டுகளாக இதை விடாமல் துரத்துவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

பாபா சொன்ன ஆரூடம்

1955 ஆகஸ்டில் ஜெனீவா நகரில் ஐக்கிய நாடுகள் சபை ஒரு மகாநாடு கூட்டியது. அணுசக்தியை ஆக்க வேலைக்குப் பயன்படுத்துவது பற்றிய மகாநாடு. அதற்குத் தலைமை வகித்தவர் நம் நாட்டு விஞ்ஞானி டாக்டர் ஹோமி பாபா.

அணு இணைவைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழி இன்னும் இருபது ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்படும் என்று அவர் அங்கே சொன்னார். அப்புறம் உலகத்துக்கு எரிபொருள் கவலையே இராது என்றார்.

இருபது ஆண்டுகள் 1975-ல் முடிந்தன. பாபா அதைப் பார்க்க உயிரோடு இல்லை; 1966-ல் விமான விபத்தில் இறந்துபோனார். பார்த்திருந்தாலும் அன்று காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஈட்டர் யந்திரத்தின் கதையும் இதுதான். 2016-ல் முதல் ஓட்டம் என்றார்கள். பிறகு 2025 என்றார்கள். 2024-ல் திட்டத்தைத் திருத்தி, 2034-ல் ஆராய்ச்சி ஓட்டம், 2039-ல் உண்மையான எரிபொருள் என்று அறிவித்திருக்கிறார்கள்.

இன்று ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை அப்போது காலேஜில் இருக்கும்.

ஈட்டர் முழு வெற்றி அடைந்தாலும் அதிலிருந்து ஒரு விளக்குக் கூட எரியாது. அது 500 மெகாவாட் வெப்பம் தரும் சோதனை யந்திரம். மின்சாரம் எடுக்கும் ஏற்பாடே அதில் கிடையாது. அதற்குப் பிறகுதான் மின்சார உலை கட்ட வேண்டும். அமெரிக்காவில் சில தனியார் கம்பெனிகள் 2030-களின் தொடக்கத்திலேயே மின்சாரம் தருவதாகச் சொல்கின்றன. தரட்டும்! ஆனால் ஓர் உலை ஓடுவது வேறு; உலகத்து நிலக்கரி அடுப்புகளை எல்லாம் அணைக்கும் அளவுக்கு ஆயிரக்கணக்கில் உலைகள் எழுவது வேறு.

பூப்பூக்கும் நேரத்தில்...

டெல்டா அதுவரை காத்திருக்குமா?

கணக்கு வைத்துக்கொள்ளத் தொடங்கிய காலத்திலிருந்து உலகிலேயே அதிகச் சூடான ஆண்டு 2024. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தைவிடச் சுமார் ஒன்றரை டிகிரி கூடுதல்.

ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். நெற்பயிருக்கு அது பெரிய விஷயம். நெல் பூக்கும் நாட்களில், பூ விரியும் முற்பகல் வேளையில், 35 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினால் மகரந்தம் கெடும். மணி பிடிக்காது. கதிர் நிமிர்ந்தே நிற்கும். கையில் உருவிப் பார்த்தால் பதர்!

இரவுச் சூடும் விளைச்சலைக் குறைக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் எடுத்த கணக்கு 2004-ல் வெளியாயிற்று. இரவு உஷ்ணம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று அதில் கண்டார்கள்.

மழையும் முறை தவறுகிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1876-க்குப் பிறகு அவ்வளவு மோசமான பருவம் இல்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. தென்னை நெல்லைப் போல ஆறு மாதப் பயிர் அல்ல. பேரனுக்காக வைத்த மரம்! 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற சம்பாவை மழை சாய்த்தது.

கடைமடையில் கவலை வேறு. கடல் மட்டம் உலகெங்கும் நூறாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் சுமார் 8 அங்குலம் உயர்ந்திருக்கிறது. டெல்டாக் கரையோ தாழ்ந்த பூமி. ஆற்றில் நல்ல தண்ணீர் வராத மாதங்களில் உப்புத் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறுகிறது. கைப்பம்பில் உப்புக் கரிக்கிறது.

இவற்றில் ஒவ்வொரு மழைக்கும் புயலுக்கும் பூமிச் சூடே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. புயல் முன்பும் அடித்தது. பஞ்சமும் முன்பே உண்டு. சூடு கூடக் கூட இவை கடுமையாகும் என்பதுதான் விஞ்ஞானிகளின் முடிவு.

இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. நாளைக் காலையிலேயே அணு இணைவு உலைகள் ஓடத் தொடங்கினாலும், இதுவரை மேலே போன கரியமில வாயு கீழே இறங்கிவிடாது. அதில் பெரும் பகுதி நூற்றாண்டுகள் தங்கும். கடலும் உயர்ந்துகொண்டுதான் இருக்கும்.

வயலும் வாயு விடுகிறது!

மின்சாரம் உண்டாக்குவதால் மட்டுமா பூமி சூடேறுகிறது? இல்லை. வெப்பம் கூட்டும் வாயுக்களில் மின்சார நிலையங்களின் பங்கு நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். மீதி வண்டிகள், தொழிற்சாலைகள், காடழிப்பு, விவசாயம்.

விவசாயத்தில் நெல்லும் சேர்ந்தது என்று சொன்னால் தஞ்சாவூரில் கோபம் வரும். ஆனால் அது உண்மை.

தண்ணீர் தேங்கிய வயலில், சேற்றுக்குள் காற்று போகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மட்கிய வைக்கோலையும் வேரையும் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடும். அந்த வாயு நெல் தண்டு வழியாகவே, குழாயில் ஏறுவது போல, மேலே வந்துவிடுகிறது. மனிதர் செயலால் உண்டாகும் மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உலகத்து நெல் வயல்களிலிருந்து வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும்.

இதை எந்தச் சூரிய யந்திரமும் நிறுத்தாது. இது வயலில் நடக்கிற காரியம்.

நல்ல வேளையாக, இதற்கு ஒரு வழி வயலிலேயே இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலும்! எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், காயவிட்டுப் பாய்ச்சும் முறை. வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து வைப்பார்கள். உள்ளே தண்ணீர் மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கிய பிறகு அடுத்த பாய்ச்சல். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். காய்கிறபோது சேற்றுக்குள் காற்று போகிறது. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தண்ணீரும் மிச்சம்.

சொல்வது சுலபம். டெல்டாவில் செய்வது அவ்வளவு சுலபம் அல்ல. ஆற்றுப் பாசனத்தில் தண்ணீர் முறை வைத்து வருகிறது. இன்று காயவிட்டால் அடுத்த முறை எப்போது என்ற பயம் குடியானவருக்கு உண்டு. பயப்படுவதில் தப்பும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயலைக் காயவிடவும் முடியாது. மேல் வயல் தண்ணீர் எல்லாம் கீழ் வயலில்தான் வந்து நிற்கும். ஆகவே பம்ப்செட் உள்ள குறுவை வயலில்தான் இது முதலில் நிலைக்கும். வாய்க்காலில் வரும் தண்ணீர் சொன்ன தேதியில் வரும் என்ற நம்பிக்கை வந்தால் மற்ற வயல்களுக்கும் பரவும்.

விதையிலும் வழி இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. பசுமைப் புரட்சிக் காலத்தில் அங்கிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்ற ரகம் தஞ்சாவூரையே மாற்றியது. இன்று வேண்டியது வேறு விதமான விதை. சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகம் இளம்பயிராக இருக்கும்போது பத்து நாளுக்கு மேல் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி தலை தூக்கும். உப்பு மண்ணுக்குப் பழைய ரகங்களே உண்டு. கடலோரக் குடியானவர்கள் குழியடிச்சான், களர்பாலை என்று பெயர் சொல்லி விதைத்து வந்தவை. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் திருவிழா நடத்தி, இப்படிப்பட்ட விதைகளைத் தேடிக் கொடுத்தவர் நெல் ஜெயராமன். கஜா புயல் அடித்த மூன்றாம் வாரம், 2018 டிசம்பர் 6-ந் தேதி, அவர் காலமானார்.

மேலே ஓடும் உலை

பூமியில் சூரியன் வரும் வரை, வானத்துச் சூரியன் சும்மாவா இருக்கிறது? அதுவும் அணு இணைவு உலைதான். 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஓடுகிறது. ரிப்பேர் இல்லை!

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. இந்தியா முழுவதிலும் சூரிய மின் நிலையங்களின் திறன் 2025 தொடக்கத்தில் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. பாபா சொன்ன உலைக்கு முந்தி, அவர் சொல்லாத உலை வந்து சேர்ந்துவிட்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. கமுதியில் இருப்பது காய்ந்த பூமி. நெல் விளையும் வண்டல் மண்ணில் கண்ணாடிப் பலகைகளைப் பரப்ப முடியுமா? கூடாது. இரவில் சூரியன் இல்லை. மின்சாரத்தைச் சேமிக்கப் பாட்டரி வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இலவச மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்போருக்கு மானியத்தில் சூரிய பம்ப்செட் வந்தால் நல்லதுதான். ஆனால் பகலெல்லாம் காசில்லாமல் ஓடுகிறதே என்று கடலோரத்தில் கணக்கின்றி இறைத்தால், நல்ல தண்ணீர் போன இடத்தில் உப்புத் தண்ணீர் வந்து உட்காரும்.

இரவிலும் மழையிலும் புகையில்லாமல் ஓடக்கூடிய பெரிய உலை வேண்டும் என்ற தேவை இதனால்தான் நிற்கிறது. அணு இணைவு ஆராய்ச்சியைக் கைவிடச் சொல்வது புத்தி அல்ல. இன்றைய பிள்ளைகள் பாட்டன் பாட்டி ஆகும் காலத்துக்கு அது பெரிய சொத்தாக இருக்கலாம். "அதுதான் வரப் போகிறதே" என்று இன்றைய வேலையைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து.

அணைக்குப் பக்கத்தில் அடுப்பு

மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. அதிலிருந்து வரும் தண்ணீரில் மின்சாரமும் எடுக்கிறார்கள். அதே மேட்டூரில் 1987 முதல் அனல் மின் நிலையமும் இருக்கிறது. இன்று அதன் திறன் 1,440 மெகாவாட். எரிவது நிலக்கரி. டெல்டாவின் தண்ணீர் புறப்படும் ஊரிலேயே, டெல்டாவைச் சூடேற்றும் அடுப்பும் இருக்கிறது!

டெல்டா மண்ணுக்கு அடியிலும் பழுப்பு நிலக்கரி உண்டு. 2023 மார்ச் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரியின் பெயர் இருந்தது. டெல்டா முழுவதும் கொதித்தது. 2020-லேயே இந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்திருக்கிறதே என்று கேட்டார்கள். மாநில அரசு பிரதமருக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரல் மாதத்திலேயே வடசேரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வடசேரி நிலக்கரி மண்ணுக்கு அடியிலேயே கிடக்கிறது. மேலே நெல்லும் தென்னையும் நிற்கின்றன. பக்கத்தில் பம்ப்செட் ஓடுகிறது. அதை ஓட்டும் கம்பியில் காற்றாலை மின்சாரமும் வருகிறது, கமுதி வெயிலும் வருகிறது; வெளிமாநிலத்து நிலக்கரியை மேட்டூரில் எரித்த மின்சாரமும் கலந்துதான் வருகிறது.